தவக்காலப் பிரசங்கத்துல என் பேரு

அதையெல்லாம் நம்பிடாதீங்க தம்பி. செவுத்துல பெருசா எழுதிட்டா நெஜமாயிடுமா? சாமியாருங்க காலத்துலேருந்து அதே கை, அதே ருசின்னு போட்டிருக்கான். எழுதினது போன வருஷம். ஏணியில நின்னு எழுதின பெயின்டருக்கு மத்தியானச் சாப்பாடு போட்டதே நான்தான். எந்தக் கைங்கறீங்க? அந்தக் கை எத்தனை கை மாறியிருக்கு, கேளுங்க என்கிட்ட.

உக்காருங்க, உக்காருங்க. பையைக் கீழ வைங்க. மலை ஏறி வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசறேன் பாருங்க. கடை தொறந்துதான் இருக்கு, ஆனா அடுப்பு பத்த வைக்கல. வைக்க மனசு வரல. ரொட்டி இருக்கு, வெள்ளை முள்ளங்கி சீவி உப்புப் போட்டுத் தர்றேன், சீஸ் இருக்கு. பீரா? பீர் இல்லாமலா. நேத்துத் தொறந்த பீப்பாயிலேயே இருக்கு. கெட்டி பீரு, தவக்காலத்துக்குன்னே காய்ச்சறது. பாத்து மெதுவாக் குடிங்க, எந்திரிச்சாத்தான் தெரியும் அது என்ன பண்ணியிருக்குன்னு. காசெல்லாம் வேண்டாம், வைங்க உள்ள. இந்த மாசத்தோட இந்தக் கடை என்னுது இல்ல. இனிமே யாருக்கு நான் கணக்கு காட்டணும்?

ஆமா, என்னுது இல்லதான். என்னைக்குமே இல்லதான். மூணு தலைமுறையாக் குத்தகை. காய்ச்சற ஆலை, இந்தக் கூடம், அந்தக் கோயில், பின்னால இருக்கற காடு எல்லாமே அரசாங்கத்து சொத்து. நாங்க அடுப்பும் கரண்டியும் மட்டும்தான். ஆனா அஃப்ரா கடைன்னு என் பேரைச் சொன்னாத்தான் இங்க பஸ் டிரைவருக்கே தெரியும். மடத்துக் கூடம்னு சொன்னா எந்த மடம்னு கேப்பான்.

சாமியாருங்களா? இருந்தாங்க. நானூறு, ஐநூறு வருஷம் இருந்திருப்பாங்க. தவக்காலம்னா நாப்பது நாள் நோன்பு, கறி கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது. ஆனா குடிக்கறது நோன்பை முறிக்காதுன்னு எவனோ ஒரு புத்திசாலி சாமியார் கண்டுபிடிச்சிருக்கான். அப்புறம் என்ன, ரொட்டியையே கரைச்சுக் குடிக்கற மாதிரி ஒரு பீரைக் காய்ச்சிட்டாங்க. இது சரியான்னு சோதிக்க ஆயர் ஒருத்தரை அனுப்பினாராம். வந்தவரு மூணு குவளை உள்ள தள்ளிட்டுப் பாவமன்னிப்புக் கேக்கற கூண்டுக்குள்ள போய்க் குறட்டை விட்டுட்டாராம். காலையில எந்திரிச்சு, பரிசுத்தமான பானம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாராம். இதை வருஷா வருஷம் மேடையில சொல்லுவாங்க, வருஷா வருஷம் ஜனங்க புதுசாக் கேக்கற மாதிரி சிரிக்கும்.

அப்புறம் நெப்போலியன் காலத்துல வந்துச்சு வெனை. மடமெல்லாம் இனி அரசாங்கத்துக்குன்னு உத்தரவு. வண்டி கட்டிக்கிட்டு வந்து எறங்கினாங்க ஆபீசருங்க. மணி போச்சு, புஸ்தகம் போச்சு, மாடு போச்சு. நல்ல பனிக்காலம். கெழட்டுச் சாமியாருங்களையெல்லாம் ஆளுக்கொரு போர்வையோட ரோட்டுல விட்டாங்க. பீர் ஆலையை மட்டும் ஒருத்தனும் தொடல. ஏன்னு கேளுங்க. அது சம்பாதிக்குதே! சாமி வேண்டாம், சாமியாரு வேண்டாம், சாமியாரு காய்ச்சின பீரு மட்டும் வேணும். ராஜா போயி குடியரசு வந்துச்சு, நடுவுல உலக யுத்தத்தை மூட்டின கேடுகெட்டவனுங்க வந்தாங்க, போனாங்க. ஆலை மட்டும் அசையல. முதலாளி எப்பவும் அரசாங்கம்.

பீர் நிலவறைச் சாவியை அந்த ஆபீசருங்களுக்கு யாரு குடுத்ததுங்கறீங்க? அதான் கதை. ஆலையைப் பாத்துக்கிட்டிருந்தவரு பிரதர் குவிரின்னு ஒருத்தர். பூட்டை ஒடைக்க வேண்டிய வேலையே வைக்காம அவரே கொண்டுபோய்க் கையில குடுத்திருக்காரு. உனக்கு மாசச் சம்பளம், நீ இங்கேயே இருந்துக்கோன்னுட்டாங்க. மடத்துத் தலைவரு வாசலைத் தாண்டறப்போ திரும்பித் திரும்பிப் பாத்தாராம், இவரு வந்து ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு. இவரு வெளியவே வரல. கொப்பரையைக் கிண்டிக்கிட்டே இருந்தாராம். இந்தா, உங்க குவளையில சிரிச்சுக்கிட்டு நிக்கறாரே, குண்டாக் கன்னத்தோட, அவருதான். கூட இருந்தவங்களைக் காட்டிக் குடுத்தவன் மூஞ்சியைப் போட்டு பீர் விக்கறாங்க எங்க ஊர்ல.

இருங்க, முள்ளங்கிக்கு இன்னும் கொஞ்சம் உப்புப் போடறேன். தண்ணி விட்டாத்தான் நல்லா இருக்கும்.

என்ன கேட்டீங்க? நேத்தா? நேத்து சூசையப்பர் திருநாள். வருஷத்துக்கு ஒருதரம் அன்னிக்குத்தான் கெட்டி பீர் பீப்பாயைத் தொறக்கறது. மந்திரி வருவாரு, ஆலை டைரக்டரு, மேயரு, பங்குச் சாமியாரு, ஊரே வரும். மந்திரி மரக் கொட்டாப்புளியால அடிச்சுப் பீப்பாயில குழாயை எறக்குவாரு. ரெண்டு அடியில எறக்கிட்டா கைத்தட்டல், அஞ்சு அடி ஆச்சுன்னா அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் அதே பேச்சு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கறது. பிரதர் குவிரின் வேஷம் போட்டு ஒரு ஆளு மேடைக்கு வருவான். பழுப்பு அங்கி, இடுப்புல கயிறு, கையில குவளை. தவக்காலப் பிரசங்கம்னு பேரு. ஆனா பிரசங்கமா அது! மந்திரியிலேருந்து மாட்டு டாக்டர் வரைக்கும் ஒருத்தரை விடாம வாரு வாருன்னு வாரிடுவான். கேக்கறவங்க மூஞ்சி செவந்துபோகும், ஆனா சிரிச்சே ஆகணும். சிரிக்காதவனை அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு வாருவான்.

கோவமா? நீங்க வேற. திட்டு வாங்கறதுக்குத்தான் முன் வரிசைக்கு அடிச்சுக்கறாங்க. எங்க ஊர்ல அப்படித்தான் தம்பி. வாரினா நீ இருக்கேன்னு அர்த்தம். பேரே வரலன்னா முடிஞ்சுது உன் கதை. பழைய மேயரை ஒரு வருஷம் விட்டுட்டான், அந்த வருஷமே தோத்தாரு. முந்தின பங்குச் சாமியாரை விட்டான், கோடைக்குள்ள மாத்தல் வந்துச்சு. ஆலைக்குள்ளேயே வேலை பாக்கற ஆளாச்சே அவன், ஸ்டோர் கீப்பர், அவன் காதுக்கு எல்லாம் முன்கூட்டி வந்துடும். ஒருதரம் மாட்டு டாக்டர் பேரை மறந்தாப்புல விட்டுட்டான். அந்த மனுஷன் இங்க வந்து, இந்த மேசையிலதான், நான் உனக்கு என்ன துரோகம்யா பண்ணேன்னு அழுவாத குறையாக் கேட்டாரு. அடுத்த வருஷம் அவரையும் அவரு காரையும் சேத்து வாரினப்புறம்தான் மனுஷனுக்கு உசுரு வந்துச்சு.

என்னையும் வாருவான். நான் கூடத்து ஓரமா, அடுப்படிக் கதவுல சாஞ்சு நிப்பேன். கடைசியில குவளையைத் தூக்கி என் பக்கம் காட்டுவான். அஃப்ரா போடற மாவு உருண்டையை எடுத்துத்தான் பிரெஞ்சுக்காரன் மேல அப்போ பீரங்கியில சுட்டாங்கன்னான் ஒரு வருஷம். அவ முறைச்சா பீரே நுரைக்காதுன்னான் இன்னொரு வருஷம். கூடமே திரும்பி என்னைப் பாத்து மேசையைத் தட்டும். நான் கரண்டியை ஓங்குவேன். அது இல்லாம பிரசங்கம் முடியாது. எங்கப்பாவை வாரி முடிச்சாங்க அப்போ, இப்போ என்னை.

நேத்தும் நின்னேன். வேர்த்து விறுவிறுத்து, சமையலுக்குக் கட்டற மேல்துணி மட்டும் புதுசு. ஊருக்கே ஆக்கிப் போட்டிருக்கேன், பன்னிக்கால் வறுவல், உருண்டை, முட்டைக்கோஸ். தவக்காலத்துல பன்னிக்காலான்னு சிரிக்காதீங்க, சூசையப்பர் திருநாளுக்கு எங்களுக்கு விலக்கு உண்டு. மந்திரியை வாரினான். டைரக்டரை வாரினான். மேயர், சாமியாரு, டாக்டர், புதுசா வந்த பள்ளிக்கூடத்து டீச்சரைக்கூட விடல. நான் கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டேன். குவளையைத் தூக்கினான். ஆண்டவர் உங்களையும் இந்தப் பீரையும் ஆசீர்வதிப்பாராகன்னான். எறங்கிட்டான்.

பேண்டு வாசிக்கறவங்ககூட உடனே ஆரம்பிக்கல தம்பி. அவங்களும் காத்துக்கிட்டு இருந்தாங்க, இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கேன்னு. அப்புறம் கூடம் என் பக்கம் திரும்புச்சு, எப்பவும் திரும்பற மாதிரி. திரும்பின வேகத்துல குனிஞ்சுக்கிச்சு. எல்லார் கண்ணும் குவளைக்குள்ள. அப்பத்தான் புரிஞ்சுது எனக்கு, பாதிப் பேருக்குத் தெரியும்னு. என்கிட்ட பரிமாற வேலை பாக்கற ரேகினா வந்து முதுகுல கை வெச்சா. அவளுக்கும் தெரியும்! அந்தக் கையைத் தட்டிவிட்டேன் பாருங்க, அதுக்கு மட்டும் இப்ப வருத்தமா இருக்கு.

நேராப் போனேன் டைரக்டர் மேசைக்கு. என் கையால வெச்ச பன்னிக்காலைத்தான் கடிச்சுக்கிட்டிருந்தாரு. கடைக்கு என்ன சார்னு கேட்டேன். வாயைத் தொடைச்சாரு. அது வந்து அஃப்ரா அம்மா, பட்டணத்து ஹோட்டல் கம்பெனி ஒண்ணு எடுத்து நடத்தப் போகுது, பெருசாக் கண்ணாடி போட்டு, சாமியாருங்க சரித்திரமெல்லாம் படமா வெச்சு, டூரிஸ்டுங்களுக்காகன்னாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலியே சார்னேன். அவரு நெஜமாவே முழிச்சாரு தம்பி, அதுல நடிப்பு இல்ல. ஏம்மா, வீட்ல சொல்லலையான்னாரு.

ஆமா, வீட்ல. என்ன அப்படிப் பாக்கறீங்க? அந்தப் பிரதர் வேஷம் போடறவன்தான் என் புருஷன். வெண்டலின். சொல்லலையா நான்? சொன்னேன்னு நெனச்சேன்.

வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன். வர்றப்போ ஒரு சைக்கிளும் ஒரு பெட்டியும். குத்தகையை அவன் பேருல எழுத வெச்சது எங்கப்பா. மாப்பிள்ளை ஆலைக்குள்ள உத்தியோகத்துல இருக்கறவரு, அவரு பேருல இருந்தா எவனும் கை வைக்க மாட்டான்னு சொல்லி எழுத வெச்சாரு. நல்லவரு, எல்லாரையும் நம்புவாரு. அவன்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான், இனி எனக்கு வேண்டாம்னு. கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே போட்டாச்சாம். அதுக்கு அவனுக்கு என்ன தெரியுமா? அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல, வருஷம் பூரா, அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு டூரிஸ்டுங்களுக்கு சரித்திரம் சொல்ற வேலை. ஸ்டோர்ல மூட்டை எண்ண வேண்டாம். எல்லாரும் அவனைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அவனுக்கு அது போதும்.

கேட்டேன், கேக்காமலா. அந்த அங்கியோட நின்னான் என் முன்னால. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் திருவிழா முடியட்டும்னு பாத்தேன்னான். மனசாம். அவ்வளவு பேருக்கு யாரு ஆக்கிப் போடுவா? முன்கூட்டித் தெரிஞ்சிருந்தா மந்திரி வெறும் முள்ளங்கிதான் தின்னிருப்பாரு. அது அவங்க எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேருந்து என் பக்கத்துலதான் படுத்திருந்தான். பூசைக்குப் போனோம் வந்தோம். வர்ற கோடைக்கு வாசல்ல இன்னும் நாலு பெஞ்சு போடலாம்னேன், போடலாமேன்னான். தச்சனைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னேன், அளவு நாடாவோட மறுமுனையைப் புடிச்சுக்கிட்டு நின்னவன் அவன்.

சாப்பிடுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? உங்களுக்கு என்ன, நீங்க ஒண்ணும் பண்ணலியே.

கடை போனது பெருசில்ல தம்பி. கடை போகும் வரும், என் கைக்கு எங்க போனாலும் அடுப்பு கெடைக்கும். கையெழுத்தைக்கூட விடுங்க, பயந்தாங்கொள்ளிப் பய, யாராவது அதட்டினாப் போட்டுடுவான். இன்னொண்ணுதான் என்னால முழுங்க முடியல. வருஷா வருஷம் பிரசங்கத்தை முன்னாடி என்கிட்டதான் சொல்லிப் பாப்பான். நான் அடுப்படியில உருண்டைக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருப்பேன், அவன் ஸ்டூல் மேல ஏறி நிப்பான். நான் சிரிச்சா வெச்சுக்குவான், சிரிக்கலன்னா எடுத்துடுவான். இந்த ஊரைச் சிரிக்க வெச்சதுல பாதி நான். இந்த வருஷமும் சொன்னான். மந்திரி, டைரக்டர், டாக்டர், டீச்சர், ஒண்ணு விடாம.

என் பேரும் இருந்துச்சு அதுல.

ஆமா தம்பி, இருந்துச்சு. மேடையில சொல்லப் போறதில்லன்னு தெரிஞ்சேதான், உக்காந்து எழுதி, மனப்பாடம் பண்ணி, என் எதுக்க ஸ்டூல் மேல ஏறி நின்னு சொன்னான். எனக்காகன்னே ஒண்ணு, எனக்கு சந்தேகம் வரக் கூடாதுன்னு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்து மாவுக் கையாலேயே தொடைச்சேன். அவனும் சிரிச்சான் என்கூட.

என்ன எழுதியிருந்தானா? சொல்றேன், நல்லாத்தான் இருக்கும். சாமியாருங்க வந்தாங்க, போனாங்க. ராஜா வந்தாரு, போனாரு. மந்திரிங்க வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்காங்க. நம்ம அஃப்ரா மட்டும் போகவே மாட்டா, ஏன்னா, நீ போன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் இந்த நாட்டுல ஒரு ஆம்பளைக்கும் கெடையாது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் இல்ல அதுல.