வறுத்த மணல்

பூனை வளர்க்கிற வீட்டில் நாற்றம் வராமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. பலருக்குத் தெரிவதில்லை. கைக்குக் கிடைக்கிற கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதில் உப்பு இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மறுநாளே வீடு முழுக்க வாடை அடிக்கும். பனங்காட்டு மேட்டிலிருந்து மணல் எடுத்து வந்து, சலித்து, கடலை வறுக்கிற மாதிரி சட்டியில் வறுக்க வேண்டும். ஆறியதும் தேங்காய் மட்டைச் சாம்பல் கலந்து பெட்டியில் கொட்ட வேண்டும். காலையில் கட்டியாக இருப்பதை மட்டும் அகப்பையால் எடுத்துப் போட்டால் போதும்.

நீங்கள் என் புருஷனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள், எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது.

என் பெயர் ஜெபமாலை. பாம்பனில் கருவாடு போடுகிறேன். கருவாடு காய்கிற மாதங்களில் எங்கள் தெருவில் யாரும் பூனையை வெளியே விடக்கூடாது, அது ஊர்க்கட்டு. ஒருத்தி வீட்டுப் பூனை இன்னொருத்தி பாயில் வாய் வைத்துவிட்டால் தெருவே சண்டையில் கிடக்கும். அதனால் வீட்டுக்குள் அடைத்து, ஒரு பெட்டியில் மணல் போட்டு வைப்போம். எங்கள் வீட்டில் அது கொழும்புத் தேயிலை வந்த பலகைப்பெட்டி. பூனை என்னுடையது இல்லை. என் புருஷன் வேதநாயகம் ஆசையாக வளர்த்தது.

நயாபைசா வந்த வருஷம் அவருக்குப் பாரிசவாயு வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும். தாகம் எடுத்தால் இடது கையால் அதைத் தட்டுவார், நான் வந்து கொடுப்பேன். பூனை அவர் காலடியில் கிடக்கும். இரண்டு பேருக்கும் அள்ளிக் கொட்டியவள் நான்தான். முகம் சுளிக்காமல் செய்தேன். பக்கத்து வீட்டு யாகப்பம்மாளைக் கேட்டுப் பாருங்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், அந்தத் தபசு காலம் தொடங்கும் முன்னால் என் மகள் ஜோதிமேரியைப் பெண் பார்க்க மண்டபத்திலிருந்து வந்தார்கள். பையனுக்கு ரயில்வேயில் வேலை. பையனின் அம்மா வாசல்படியைத் தாண்டியதுமே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். காப்பியை வாங்கி அப்படியே கீழே வைத்தாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு மதினி. ஆனா வீட்ட இப்படியா வச்சிருப்பீக? தபசு காலம் முடிஞ்சதும் எங்க ஆளுக எல்லாம் வருவாக. எம் மானத்த வாங்கிராதீக."

ஜோதி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "இதுவும் போச்சுன்னா நான் கருவாட்டுப் பாயிலயே கெழவியாயிருவேம்மா" என்றாள். அவளுக்கு இதைவிட நல்ல இடம் இனி வரப்போவதில்லை.

அன்றிலிருந்துதான் மணல் வறுத்தேன். வேப்பிலை போட்டேன், சாம்பிராணி காட்டினேன். வாடை குறைந்தது, போகவில்லை. கருவாடு போடுகிறவளுக்கு முதலிலேயே புத்தி வந்திருக்க வேண்டும். மீனில் ஈரம் இருக்கிறவரைதான் நாறும். உப்பைப் போட்டுத் தண்ணீரை இறக்கிவிட்டால் அப்புறம் கெடாது. அதனால் பூனைக்கு வைக்கிற தண்ணீரைக் குறைத்தேன். பெட்டியில் ஈரம் குறைந்தது. வாடை முன்பைவிடக் காரமாக அடித்தது. மிச்ச ஈரம் போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டில் இருந்த வாடை முழுவதும் பூனையுடையது இல்லை, ஐயா.

காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு என்று அவருக்குக் கொடுத்ததை ஒன்றாக்கினேன். பிறகு அதிலும் பாதி. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினேன். தொட்டுக்கொள்ள நல்ல உப்புக் கருவாடு வைத்தேன், அவருக்குக் கருவாடு என்றால் உயிர். துணி நனைவது குறைந்தது. ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, ஒரு குடம் நல்ல தண்ணீர் சேர்க்கிற பாடு உங்களுக்குத் தெரியாது. என் இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் செம்பைத் தட்டிக்கொண்டே கிடந்தார். "என்ன மதினி, அண்ணன் கோயில் மணியா அடிக்கிறாக?" என்று யாகப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேலி பண்ணினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செம்பை எடுத்து அடுப்படியில் வைத்தேன். பிறகு கட்டில் சட்டத்தைத் தட்டினார். அதில் அவ்வளவு சத்தம் வராது.

"அய்யாவுக்கு ஒதடெல்லாம் வெடிச்சிருக்கும்மா" என்றாள் ஜோதி. கடற்காற்று என்றேன். பகல் முழுக்கக் கருவாட்டுப் பாயில் நிற்கிறவள், நம்பினாள்.

தபசு காலத்தின் கடைசி வாரமான பெரிய வாரத்தில் பங்குச் சாமி நோயாளிகளுக்கு நன்மை அப்பம் கொடுக்க வந்தார். அப்பம் என் புருஷன் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது, விழுங்க முடியவில்லை. சாமி தண்ணீர் கேட்டார். ஒரு தம்ளரில் கொண்டுவந்து சாமியிடம் கொடுத்தேன். என் புருஷன் இடது கையால் சாமியின் கையோடு சேர்த்துத் தம்ளரைப் பிடித்து இழுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு வெறும் தம்ளரை நக்கினார்.

"இவ்வளவு தாகமா இருக்காரேம்மா" என்றார் சாமி.

"சீக்கு அப்படி, சாமி."

சாமி போனதும் ஜோதி செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. நான் கத்தவில்லை, தடுக்கவும் இல்லை. "குடு தாயி. குடுத்தா நனைப்பாரு. மண்டபத்து ஆளுக வாராக, ஒனக்குத் தெரியாததா" என்றேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கருவாடு புரட்டப் போய்விட்டாள். நான் அதை எடுத்துக் குடத்தில் ஊற்றினேன்.

பெரிய சனிக்கிழமை அவர் போய்விட்டார்.

மண்டபத்து ஆட்கள் துக்கம் கேட்க வந்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பையனின் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பியைக் குடித்து முடித்தாள். "இப்பத்தான் மதினி வீடு வீடா இருக்கு" என்றாள். காப்பித் தட்டோடு நின்ற ஜோதி அதைக் கேட்டாள். தட்டைத் தரையில் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தாள். கூடி வந்த சம்பந்தத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

பூனை இப்போது யாகப்பம்மாள் வீட்டில் இருக்கிறது. அங்கே சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறதாம், பெட்டி வாடையே அடிப்பதில்லையாம். அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜோதி உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். தண்ணீரைக் குறைத்ததும் நான், நிறுத்தியதும் நான். அவர் செத்தது அதனால்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள். நான் ஈரமில்லாதவள் இல்லை, ஐயா. அவர் வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், கொடுக்காமலா இருந்திருப்பேன்?