புல்லிக்குள் போன மார்ச் நூல்

ரோடோப்பி மலைமடியில் பனி படுத்துறங்கும் நம் சிறுநகரின் ஆம்புலன்ஸ் பணிமனையை முப்பத்து நான்கு ஆண்டுகள் மூச்சாய்க் காத்து, இன்று ஓய்வு பெறுபவரே! பெல்ட்டின் பெருமூச்சையும் பேரிங்கின் பிணியையும் பேசாமலே புரிந்துகொள்பவரே! புகைக்கும் புழுதிக்கும் நடுவே புன்னகை மாறாதவரே! கிரீஸ் கையோடு காப்பிக் கோப்பையைத் தூக்கி, எங்கள் கோப்பைகள் அனைத்திலும் கைரேகை பதித்தவரே! எங்கள் அன்புக்கும் அவ்வப்போது எங்கள் அச்சத்துக்கும் உரிய வெலிச்கோ சரஃபோவ் அண்ணா அவர்களே, வணக்கம்!

தாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது விழித்தபடியே கனவு காண்பதற்கு ஒப்பாகும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, தேய்ந்த பெல்ட்டை உருவித் தோளில் மாலையாய்ப் போட்டுக்கொண்டு, ஓசை ஓய்ந்த இஞ்சின் முன் கண்மூடி நிற்பீர்கள். திறந்த கதவு வழியே மூடுபனி மெல்ல உள்ளே வரும். ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு, ஸ்டியரிங் பம்பு, நடுவே பெல்ட்டைத் தாங்கும் வெறும் புல்லிச் சக்கரம் என ஒவ்வொன்றையும் ஒற்றை விரலால் சுழற்றிவிடுவீர்கள். அப்போது பணிமனையில் எவரும் இருமக்கூட மாட்டோம். ஒருமுறை ஒரு புல்லி நிற்காமல் சுழல்வதைக் கண்டு நாங்கள் வாய்பிளந்தபோது, தாங்கள் கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள்: “ரொம்ப நேரம் சுத்துதேன்னு சந்தோஷப்படாதீங்கடா. உள்ள கிரீஸ் வத்திப்போச்சு. நல்ல பேரிங்னா நாலு சுத்துல அடங்கிடும்.”

அடங்கி நிற்பதே ஆரோக்கியம் என்று பேரிங்கைப் பற்றிச் சொன்ன தாங்கள், மனிதராகவும் அப்படியே இருந்தீர்கள். ஒரு புல்லி ஊளையிட்டால் அதை மட்டும் மாற்றி அனுப்பும் அவசரம் தங்களிடம் இருந்ததில்லை. “கூடவே ஓடினது எல்லாம் கூடவேதான் தேஞ்சிருக்கும். எல்லாத்தையும் மாத்து” என்பீர்கள். வண்டி கேட்டு மருத்துவர்கள் வாசலில் வந்து குதித்தாலும், “குதிங்க டாக்டர், உடம்புக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடுவீர்கள்.

இதுவரை நான் வாசித்தது, நாங்கள் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்து சேர்ந்து எழுதியது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நம்பி, அழகாகப் படியெடுக்கும் வேலையை ஓட்டுநர் கெனாதி உருமோவ் ஆகிய என்னிடம் கொடுத்தார்கள். இனி வருவது அவர்கள் யாருக்கும் தெரியாது. நான் தனியாக எழுதியது. அண்ணா, தயவுசெய்து எழுந்து வராதீர்கள். தட்டில் இருக்கும் பனிட்சாப் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரிக் கடைசியில், என் வண்டிக்குப் புது பெல்ட்டும் புதுப் புல்லிகளும் பூட்டிக் கொடுத்தீர்கள். மார்ச் முதல் நாள் வந்தது. சிவப்பும் வெள்ளையுமாய்த் திரித்த நூலை மணிக்கட்டில் கட்டி, முதல் நாரை கண்ணில் படும்வரை அவிழ்க்காத ஊர் நம்முடையது. எல்லார் கையிலும் நூல் இருக்க, என்னோடு மலையேறி இறங்கும் வண்டி மட்டும் வெறுமனே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ரப்பர்க் குழாயில் ஒரு நூலைக் கட்டினேன். குஞ்சம் வைத்த நீள நூல். பார்க்க அழகாகவும் இருந்தது.

நான்காம் நாள் காலை, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கணவாயில் போகும்போது முன்னாலிருந்து ஒரு கீச்சொலி. அடுத்த வளைவில் பெல்ட் தெறித்தது. ஸ்டியரிங் கல்லாய் இறுகியது, இஞ்சின் கொதித்தது. வெண்பனிக்குள் வழியும் தெரியாமல் வானமும் தெரியாமல் நின்றோம். பின்னால் அந்தப் பெண் அலறினாள். செவிலி என்னைப் பார்த்து, “கெனாதி, கை நடுங்காம அந்த விளக்கைப் பிடி, போதும்” என்றாள். இரு கையாலும் பிடித்தேன். குழந்தை அங்கேயே பிறந்து அழுதது. இருவரும் பிழைத்தார்கள். பிழைக்காமல் போயிருக்கவும் கூடும் என்பதை ஒரு நாளும் நான் மறக்கவில்லை.

வண்டியை இழுத்து வந்த பிறகு, நடுப் புல்லியைக் கழற்றினீர்கள். பேரிங்கின் ஓரத்தில் நூல் சுற்றிச் சுற்றி இறுகி, மூடுவளையத்தை அறுத்து, கிரீஸைக் குடித்து, கருகிக் கிடந்தது. குறடால் அதை உருவினீர்கள். ஒரு நுனியில் சிவப்பு மிச்சமிருந்தது. என் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நூலைக் கையில கட்டுடா தம்பி. இஞ்சினுக்குக் குளிராது” என்றீர்கள். அவ்வளவுதான்.

விசாரணையில், “என் கைத்தவறு” என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாவது வந்திருந்தால் வேலை போயிருக்கும். கண்டனக் கடிதம் உங்களுக்குப் போனது. உங்களுக்கு வரவிருந்த பணிமனைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. நான் வாயே திறக்கவில்லை. முதல் மாதம் பயத்தால், பிறகு வெட்கத்தால், அதற்கும் பிறகு பழக்கத்தால். பதினொரு ஆண்டுகளாக உங்களோடு காப்பி குடித்திருக்கிறேன் அண்ணா, ஒரு வாய்கூடச் சுகமாக இறங்கியதில்லை.

இன்று காலை இதையெல்லாம் எழுதி, நம் இயக்குநர் ஸ்னெஷானா அம்மையாரிடம் கொடுத்துவிட்டேன். என்னை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மாசில்லாத உங்கள் பெயரை உங்கள் கையில் கொடுக்காமல் உங்களை அந்த வாசல் தாண்ட விட என்னால் முடியாது.

விரல் தொட்டு நோய் அறிந்த வித்தகரே! தங்கள் காலைகள் அவசரமின்றி விடியட்டும். தங்கள் தோட்டத்துப் பிளம் மரங்கள் கிளை தாழக் காய்க்கட்டும். முழங்கால் வலி முற்றும் தீரட்டும். நூறாண்டு நலமோடு வாழ்க!

இந்தப் பகுதியைப் படித்துக் காட்டாமல் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவது இன்னொரு ஏமாற்று என்பதால், கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்ட பிறகும் கையெழுத்திட மனமுள்ளவர்களுக்குப் பேனா மேசையில் இருக்கிறது.

கெனாதி உருமோவ்,
ஓட்டுநர்

*

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் சேர்ந்த கையெழுத்துகள்: முதலில் இயக்குநர் ஸ்னெஷானா அம்மையார், பிறகு பணிமனையார், ஓட்டுநர், செவிலியர் என மற்ற இருபத்தொருவரும்.

அவற்றுக்கும் கீழே, கிரீஸ் கறையோடு, வேறொரு கையெழுத்தில்:

“டேய் கெனாதி, உக்காரு. அந்தப் புல்லி மேல ஒரு தூசி மூடி போடணும். நான் பூட்டின அன்னிக்கு அது ஸ்டோர்லேர்ந்து வரல. ரெண்டு நாள்ல வந்துடும், அப்புறம் போட்டுக்கலாம்னு மூடாமலே பூட்டி அனுப்பிட்டேன், அப்புறம் மறந்தே போயிட்டேன். மூடி இருந்திருந்தா உன் நூல் உள்ள போயிருக்காது. ‘என் கைத்தவறு’ன்னு நான் எழுதினது பொய் இல்லடா. உன்னைக் காப்பாத்தினேன்னு நீ நினைச்சுக்கிட்டிருந்த. அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் நானும் சொல்லல. உன் பேரு பக்கத்துல என் பேரையும் எழுதிட்டேன். இப்ப சட்டம் போடுங்க. — வெலிச்கோ”