டிரெஸ்ஸர் கணேசமூர்த்தியின் அதிசயக் கூடம்

அவைத் தலைவர் கவிநேசன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஆலயப் பொறுப்பாளர்களே! மறைந்தவரின் அண்ணன் மகளாக, கிள்ளானிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புனிதா அவர்களே! சுங்கை பத்தாய் ரப்பர் தோட்டத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, இன்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் மலாக்காவிலும் ஆளுக்கொரு பக்கமாய் வாழ்கின்ற என் சொந்தங்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லாரையும் கும்பிடுகிறேன்.

என் பெயர் மைக்கேல். தோட்டத்து ஆம்புலன்ஸை ஓட்டியவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டிருக்கிறார்கள். போதவில்லை. பின்னால் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? டிரெஸ்ஸர் கணேசமூர்த்தி உயிரோடு இருந்த காலத்தில், ஓராண்டு முழுவதும் கூட்டினாலும் அறுபது பேர் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்படி மிதிக்க மறந்தவர்களில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச எனக்கு உரிமை உண்டு.

யார் இந்தக் கணேசமூர்த்தி? இளையவர்களுக்குத் தெரியாது. தோட்டத்து மருந்தகத்தில் இருபது ஆண்டு மருத்துவ உதவியாளராக இருந்தவர். நாம் டிரெஸ்ஸர் என்போம். காய்ச்சலுக்கு அவர்தான். தேள் கடிக்கு அவர்தான். பால்மரம் சீவும் கத்தி காலில் இறங்கினால் அவர்தான். பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற ஆறு நாளும் நம் உயிருக்கு இவர்தான் காவல்! கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கெல்லாம் யாராவது மரத்துலேருந்து விழுந்துடுறான்லா" என்பார்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. பிள்ளைகளின் மூக்கிலும் காதிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டதை வெளியே எடுத்தால், அதைத் தூக்கி எறிய மாட்டார். கழுவித் துடைத்து, காலி ஊசிமருந்துப் போத்தலில் போட்டு, ஒரு சீட்டு ஒட்டுவார். பெயர், வயது, என்ன பொருள், எங்கேயிருந்து எடுத்தது. கடைசியில் ஒரு சொல்: அழுதான், அழவில்லை. அவ்வளவுதான். புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், மீன்முள், ரப்பர் துண்டு, பள்ளிக்கூடச் சுண்ணாம்புக்கட்டி! நூற்று நாற்பத்திரண்டு போத்தல்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருடைய மூக்கு அந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

இதைப் பார்த்து ஆட்கள் வேறு பொருள்களையும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். "டிரெஸ்ஸரே, இந்தாங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே" என்று சொல்லி, கண் இல்லாத தேங்காய், இரண்டு தலைப் பல்லி, மலைப்பாம்பின் வயிற்றிலிருந்து எடுத்த ஒற்றைச் செருப்பு என்று வந்து சேர்ந்தன. அவரும் வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. லயத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மருந்தகத்தையும் மூடினார்கள். அந்த ஆம்புலன்ஸின் கடைசிப் பயணத்தில் நோயாளி யாருமில்லை, ஐயா! பதினேழு அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. நான் கேட்டேன்: "என்னண்ணே இது, குப்பையெல்லாம் ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

அவர் கோபப்படவில்லை. "மெல்லமா ஓட்டு மைக்கேலு. பல்லி மேல் பெட்டியிலதான் இருக்கு."

மெர்லிமாவுக்கு வெளியே, மலாய்க்காரர் கம்போங் பாதையில், ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தார். முன்கூடமும் நடு அறையும் அந்தப் பொருள்களுக்கு. அவருக்கு அடுப்படியில் ஒரு கட்டில். வாசலில் சொந்தக் கையெழுத்தில் ஒரு பலகை: "அதிசயக் கூடம். ஞாயிறு காலை பத்து முதல் மாலை நான்கு. எல்லாரும் பார்க்கலாம்."

நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் முதல்முறை போனபோது சிரித்துவிட்டேன். மற்ற காட்சிக்கூடங்களில் பெருமையடித்து எழுதி வைத்திருப்பார்கள். இவர் கூடத்தில் எழுதியிருந்ததைக் கேளுங்கள்: "புலி நகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பன்றியின் பல் என்று நினைக்கிறேன்." இன்னொன்று: "ஜப்பான் காலத்துத் துப்பாக்கிக் குண்டு என்று வேலாயி அம்மாள் கொடுத்தது. மீன்வலையில் கட்டும் ஈயமாக இருக்கலாம். அவரிடம் சொல்ல வேண்டாம்." பொய் எழுதி நாலு பேரை இழுக்கத் தெரியாத மனிதர்! உண்மையை எழுதி, ஒருவரும் வராத கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர்!

ஆனால் அது வெறும் வேடிக்கைக் கூடமா? இல்லை, தோழர்களே! இல்லவே இல்லை! இதோ இரண்டாம் வரிசையில் விஜயராணி அக்கா அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சரியென்ற பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

விஜயராணி அக்காவின் ஒரே மகன் திலீபன். மூன்று வயதில் பாசி மாலையிலிருந்து ஒரு நீல மணியை எடுத்து மூக்கில் ஏற்றிக்கொண்டான். அக்கா லயத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். நான் ஆம்புலன்ஸைக் கிளப்பிவிட்டேன், மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் என்று. டிரெஸ்ஸர் கையைக் காட்டி நிறுத்தினார். பையனை மடியில் உட்காரவைத்து, டார்ச் விளக்கை அவன் கையிலேயே கொடுத்தார். "நீ என் மூக்குல அடிச்சுப் பாரு. நான் உன் மூக்குல பாக்கறேன். யாரு மூக்குல என்ன இருக்குன்னு பாப்போம்." அவன் சிரித்த நேரத்தில் மணி வெளியே வந்துவிட்டது. போத்தலில் எழுதினார்: "திலீபன். வயது 3. நீல மணி. இடது மூக்கு. சிரித்தான்."

இருபத்து நான்கு வயதில் திலீபன் ஜாசின் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். அது நம் எல்லாருக்கும் தெரியும். நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஜயராணி அக்கா பஸ் ஏறி மெர்லிமாவுக்கு வந்தார். அன்றைக்கு நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். நான் அங்கே போன மூன்று முறைகளில் அது இரண்டாவது.

அக்கா வந்து வாசலில் நின்றார். டிரெஸ்ஸர் உடனே அலமாரியைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு வந்து, கதவைப் பாதி சாத்தினார். நாங்கள் இருவரும் மாமரத்தடியில் நின்றோம். ஒரு மணி நேரம்! நான் போய்ப் பார்க்கட்டுமா என்றேன். "வேணாம். அந்தச் சீட்டுல 'சிரித்தான்'னு இருக்கு. அவங்க அத படிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அக்கா வெளியே வந்தபோது, "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, அது உங்களோடது" என்றார் டிரெஸ்ஸர்.

அக்கா தலையை ஆட்டினார். "வேணாங்கய்யா. வீட்டுல வெச்சா நான் மட்டுந்தான் பாப்பேன். இங்க இருந்தா யாராவது வர்றவங்க அவன் பேரப் படிப்பாங்க."

வர்றவங்க! அந்தச் சொல்லை டிரெஸ்ஸர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு ஞாயிறுகூடக் கூடத்தை மூடியதில்லை. காய்ச்சலிலும் திறந்தார். தீபாவளி ஞாயிற்றில் வந்தபோதும் திறந்தார். அண்ணன் இறந்து கிள்ளானுக்குப் போனவர், சனிக்கிழமையே பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். யாராவது வரக்கூடும், வந்தால் அந்தப் பெயரைப் படிக்கக்கூடும், அதற்காக!

அண்ணன் சாவுக்குப் போயும் அவசரமாகத் திரும்பிவிட்டாரே என்ற கோபம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. எனக்குத் தெரியும். புனிதாவுக்கும் இருந்தது.

டிரெஸ்ஸர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. நமக்குத் தெரிந்தது வியாழக்கிழமை. இதை நான் மறைக்க மாட்டேன். இடையில் இரண்டு நாள் அவர் அந்த அடுப்படிக் கட்டிலில் தனியாகக் கிடந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியாதான், இரண்டு நாளாக வாசல் பெருக்காமல் கிடக்கிறதே என்று ஆளைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தவர். இருபது ஆண்டு ஒரு தோட்டத்தையே காத்த மனிதர் இல்லாமல் போனதை, அந்தத் தோட்டத்து ஆள் ஒருவரும் அறியவில்லை. யாரைக் குறை சொல்வது? மலாக்கா டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து அங்கே போக முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரம்தான், ஐயா!

காரியம் முடிந்து, புனிதா வீட்டைக் காலி செய்ய லாரிக்குச் சொல்லிவிட்டார். அதில் தப்பில்லை. அவர் வேலை பார்ப்பது கிள்ளானில். நான் பெட்டி கட்ட உதவிக்குப் போனேன். மேசை இழுப்பறையில், வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகம் இருந்தது. புரட்டினேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், வழி தவறிய சுற்றுப்பயணிகள் இருவர், மக்சிக் வீட்டுப் பேரப்பிள்ளைகள். ஆள் வந்த நாளில் அவர்கள் கையெழுத்து. வராத நாளில் இவர் கையெழுத்து.

"இன்று யாரும் வரவில்லை. மழை."

"இன்று யாரும் வரவில்லை. நல்ல வெயில்."

"இன்று யாரும் வரவில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்."

பக்கம் பக்கமாக அதுதான். பத்தொன்பது ஆண்டு! ஒரு பக்கத்தில் என் பெயரைப் பார்த்தேன். "மைக்கேல் வருவதாகச் சொன்னான். வேலை இருந்திருக்கும்." அடுத்த மாதம் இன்னொரு முறை. "மைக்கேல் வருவதாகச் சொன்னான். பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ." எனக்குப் பேரப்பிள்ளையே கிடையாது, தோழர்களே! நான் வராததற்குக்கூட அவரே ஒரு காரணத்தைத் தேடி எழுதி வைத்திருந்தார். திட்டியிருக்கலாமே! ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே!

புத்தகத்தை மூடி இழுப்பறையில் வைத்தேன். அப்போதுதான் அலமாரிப் பக்கமிருந்து புனிதா, "மாமா, இங்க வாங்க" என்றார். அவர் கையில் ஒரு போத்தல். பள்ளி விடுமுறைக்குச் சித்தப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்திருந்த காலத்தது. "புனிதா. வயது 5. வேர்க்கடலை. வலது காது. அழவில்லை."

"அழுதேன் மாமா," என்றார். "நல்லா ஞாபகம் இருக்கு. கத்து கத்துன்னு கத்தினேன். சித்தப்பா பொய் எழுதியிருக்காரு."

அந்தக் கூடம் முழுவதிலும் அவர் எழுதிய ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

புனிதா லாரிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். வீட்டுக்காரரிடம் பேசி, இன்னும் ஓராண்டுக்கு வீடு கையில் இருக்கும்படி ஏற்பாடு செய்தார். என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: "வீட்ட நான் பாத்துக்கிறேன் மாமா. ஆனா கதவத் தொறந்துட்டு ஒரு ஆளு உக்காரணும். பூட்டிக் கெடந்தா அது வெறும் ஸ்டோர்தான்."

போன ஞாயிறு நான் போய்த் திறந்தேன். காலை பத்துக்கு விளக்குகளைப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கொண்டுபோன நாசி லெமாக் சோற்றைச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்கு வாசலில் ஒரு கார் நின்றது. நான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்! காரில் வந்தவர் கடற்கரைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

நான்கு மணி வரைக்கும் வேறு ஒருவரும் வரவில்லை. ஆறு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு ஒரு நாள். அவருக்கு எத்தனை நாள்?

அவருக்காக நாம் என்ன செய்யப் போகிறோம்? மாலை போட்டோம். மௌனமாக நின்றோம். சாப்பாடும் தயாராக இருக்கிறது. இதோடு முடிந்ததா? பேசிவிட்டுக் கலைந்து போவது நமக்குப் புதிதில்லை. அதனால் நான் பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. சிலை வேண்டாம். அறக்கட்டளை வேண்டாம். ஒரு நாற்காலியில் ஒரு ஆள். அவ்வளவுதான்! மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் நான் உட்காருவேன். என் கால் நடக்கிற வரைக்கும் உட்காருவேன். இது இந்தச் சபை முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. இந்த வாக்கையும் நான் மீறினால், எனக்காகக் காரணம் தேடி எழுத இனி ஆளில்லை.

இரண்டாம் ஞாயிறுக்கும் நான்காம் ஞாயிறுக்கும் யார்? இப்போதே கேட்கிறேன். வெளியே போனபிறகு கேட்டால், போன் பண்றேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கை தூக்குங்கள்.

நான் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

அதோ, கதவுப் பக்கம் நின்றுகொண்டிருக்கும் தங்கச்சி. தூக்கியது கைதானே? இறக்காதீர்கள் அம்மா, அப்படியே இருங்கள். உங்களை எனக்குத் தெரியவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, உங்கள் பெயர் என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கும் கேட்கட்டும்.