நாற்பத்தொரு காலி வட்டங்கள்

— குறுக்கே பேசாதீங்க. இத்தோட மூணாவது தடவை. இன்னும் இருபது நிமிஷத்துல நான் மேடை ஏறணும்.

— ஏறு, யார் வேண்டாங்கறா. அந்தப் படத்தை மட்டும் இன்னொரு தரம் பார்த்துட்டு ஏறு.

— முதல்லேர்ந்து சொல்லிப் பார்க்கறேன். வாயைத் திறக்கக் கூடாது. ‘வானம் முழுவதும் எக்ஸ் கதிர் மங்கலாகப் பரவியிருக்கிறது. அதை ஒன்பது படங்களாக எடுத்து, புள்ளி புள்ளியாகப் பிரித்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எந்த கேலக்ஸி இருக்கிறது என்று தேடினோம். நாற்பத்தொரு வட்டங்கள் மட்டும் காலி. உள்ளே இருப்பவை தூசியில் மறைந்த கருந்துளைகள்...’

— அந்த நாப்பத்தொண்ணும் ஒரே படத்துல இருக்கு. மத்த எட்டுப் படத்துல ஒண்ணுகூடக் காலி இல்ல. உனக்கு உறுத்தலையா?

— முந்தாநாள் கண்டுபிடிச்சேன். நேத்தே டைரக்டர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. உங்களுக்கு இன்னிக்குத்தான் உறுத்துதாக்கும்.

— சண்டைக்கு இழுக்காதே. திரையைப் பாரு. இந்த வட்டத்துக்கு வெளியே, ஒட்டினாப்பல ஒரு கேலக்ஸி. எந்தப் பக்கம்?

— இடப்பக்கம்.

— அடுத்தது?

— இடப்பக்கம்.

— இது?

— எல்லாமே இடப்பக்கம்தான், அதுக்கென்ன இப்போ? அந்தப் படம் எடுத்தப்போ தொலைநோக்கி கொஞ்சம் விலகியிருந்தது, தெரிஞ்ச விஷயம். வட்டத்தையெல்லாம் வலப்பக்கம் நகர்த்தித் திருத்தியாச்சு.

— யாரு திருத்தினது?

— நான்தான். வேற யாரு செய்வா? நீங்க போவீங்கன்னு நானும், நான் போவேன்னு நீங்களும் இருந்து, திங்கக்கிழமை பாப்பா ஸ்கூல் வாசல்ல ஒரு மணி நேரம் அழுதுக்கிட்டு நின்னுச்சே, மறந்துட்டீங்களா? இனிமே யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லைன்னு செவ்வாய்க்கிழமை காலைல நானே உட்கார்ந்து முடிச்சேன்.

— செவ்வாய்க்கிழமையா?

— ஆமா. ஏன் கேக்கறீங்க? டைரக்டர் முன்வரிசைல இருக்காரு. இப்போ கூப்பிட ஆள் வந்துடும். என்னன்னு சொல்லித் தொலைங்க.

— நான் அதைத் திங்கக்கிழமை சாயந்திரமே வலப்பக்கம் நகர்த்தித் திருத்திட்டேன். சொல்லத்தான் வந்தேன். என் மூஞ்சில முழிக்காதீங்கன்னு கதவைச் சாத்திட்டே.