கொடி நட்ட கிணறு

பகல் பன்னிரண்டரை மணி. திருவாலங்காட்டுக்குப் போகிற மண் சாலை. முன்னும் பின்னும் ஒரு ஈ காக்கை இல்லை...

பட்டப்பகலில் என்ன பேய் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விளக்கைத் தாழ்த்திவிட்டு, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு சிரியுங்கள்.

இது நம் நசருல்லாவின் பெரியப்பா கலீமுல்லாவுக்கு நடந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம். பட்டாளத்தில் வயர்லெஸ் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, அரக்கோணத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவரை ஒரு சர்வே கம்பெனி கூப்பிட்டுக்கொண்டது. அந்தக் கம்பெனியின் லாரிதான் அன்று அந்தச் சாலையில் நின்றது. உள்ளே கும்மிருட்டு. போட்டோ கழுவுகிற மருந்தின் நெடி. அந்த இருட்டில் உட்கார்ந்து, ஒரு சின்ன விஷயத்துக்கு விடை தெரியாமல் அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

வெடி வெடிப்பதற்கு முன்னால்... தரையை யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள்.

வெடி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் மலையாக நிற்கிறதே பாறை, அது கிழக்கே போகப் போக மண்ணுக்கடியில் இறங்கி, கடலுக்கடியிலும் போகிறது. எங்கே சரிகிறது, எவ்வளவு ஆழத்தில் உடைகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் வெடி வைப்பார்கள். மைல் கணக்கில் தள்ளி, சாலையோரம் பன்னிரண்டு பெட்டிகளை வரிசையாகப் புதைத்து வைத்துக் கேட்பார்கள். மண்ணில் சத்தம் நடக்கும், பாறையில் ஓடும். எந்தப் பெட்டிக்கு எத்தனை நொடியில் வந்தது என்று பார்த்தால் பாறையின் ஆழத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். பெட்டிகளை நாளுக்கு நாள் கிழக்கே நகர்த்திக்கொண்டே போனால் கடற்கரை வந்துவிடும்.

பெட்டிக்குள் ஒரு காந்தம், ஸ்பிரிங்கில் தொங்குகிற ஒரு கம்பிச்சுருள். தரை ஆடினால் பெட்டி ஆடும், சுருள் ஆடாமல் பின்தங்கும். அந்த வித்தியாசத்தில் துளி மின்சாரம் பிறக்கும். அது லாரிக்குள் கடுகளவு கண்ணாடியைத் திருப்பும். கண்ணாடி ஒளிப்புள்ளியை ஓடுகிற காகிதத்தில் அடிக்கும். பன்னிரண்டு பெட்டிக்குப் பன்னிரண்டு கோடு. தரை சும்மா இருந்தால் கோடு நேர்கோடு. ஒரு ஆள் பக்கத்தில் நடந்தால்கூடத் துள்ளும். அதனால்தான் உச்சிவேளையில் வெடிப்பார்கள். ஏற்றம் நிற்கிற நேரம், தறிகள் ஓய்கிற நேரம்.

அந்த நேரத்தில்தான்... டக். டக். டக்.

கலீமுல்லா கம்பிகளை மாற்றினார். பெட்டிகளை இடம் மாற்றிப் புதைத்தார். பாட்டரியை மாற்றினார். போகவில்லை. அப்புறம்தான் காகிதத்தை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். லாரிக்குள் கோளாறு என்றால் பன்னிரண்டு கோடும் ஒரே சமயத்தில் துள்ள வேண்டும். பக்கத்தில் யாரோ தட்டினால் ஒரு கோடு மட்டும் துள்ள வேண்டும். இது முதல் பெட்டியில் முதலில், அடுத்ததில் கொஞ்சம் தாமதமாக, அப்படியே படிக்கட்டு மாதிரி இறங்கிப் போயிருந்தது. வெடியின் படிக்கட்டும் தட்டின் படிக்கட்டும் ஒரே சரிவு. அப்படியென்றால் தட்டுகிறவன் வெடி வைத்த கிணற்றுக்குள் இருக்கிறான்.

கிணறு பதினைந்து மைலுக்கு அப்பால். அங்கே பத்து ஆள் சேர்ந்து சம்மட்டி போட்டாலும் இங்கே கேட்காது. அதைவிட மோசம்... லாரி கிழக்கே நகர நகர வெடியின் துள்ளல் சிறுத்துக்கொண்டே வந்தது. மூன்று தட்டும் மயிரிழைகூடச் சிறுக்கவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கே போனார். வேப்பமரத்தடியில் ஒரு பெண்பிள்ளை, கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கெங்கம்மாள். இந்தக் கிணற்றைத் தூர்வாரி முதல் வெடி வைத்த எத்திராஜுவின் மனைவி.

"புச்சா வந்த மெக்கானிக்கா நீ?" என்றாள்.

"ஆங்."

"எம் புருசன் நகரிக்கு ஓடிட்டான்னு உங்க ஆபீசர் சொல்லிகினு திரியறான். கம்பெனி கடப்பாரைய வேற திருடிகினு ஓடிட்டானாம். ஏன் பாய், ஒரு கடப்பாரைக்கோசரம் என்னிய உட்டுட்டு ஓடுவானா? அவ்ளோ கேவலமாவா இருக்கறேன் நானு?"

கலீமுல்லா கிணற்றை எட்டிப் பார்த்தார். "கெணத்துக்குள்ள இருந்து தட்டுனா இன்னா அர்த்தம்மா?" என்று கேட்டார்.

"எத்தினி தட்டு?"

"மூணு."

அவள் எழுந்துவிட்டாள். "நான் இன்னும் கீழ கீறேன், கொளுத்தாதேன்னு அர்த்தம். யார் தட்டுனது?"

வெடிப்பெட்டியின் கைப்பிடியை அழுத்துகிறவர் ஹயாத் பாஷா. அவர் வரப்புக்குப் பின்னால் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கலீமுல்லா அவர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

கிணறு வெட்டுகிறவர்கள் மேலே ஏறியதும் 'ஏறிட்டேன்' என்று மூன்று முறை கத்துவார்கள். கத்தினால்தான் வெடிப்பார்கள். ஆபீசர் ராஜகோபால் அதைத் தடை செய்துவிட்டார். கத்தினால் பெட்டியில் பதிகிறதாம், கோடு கெடுகிறதாம். கத்தாதே, கொடியை நட்டுவிட்டு நகர்ந்து போ என்று உத்தரவு. எத்திராஜு ஏறினான், கொடியை நட்டான். அப்புறம்தான் கடப்பாரையைக் கீழேயே விட்டது நினைவு வந்து மறுபடி இறங்கியிருக்கிறான். கத்தத் தடை இல்லாவிட்டால், இரண்டாம் தரம் இறங்கும்போது இறங்குகிறேன் என்றும் கத்தியிருப்பான். கொடிக்கு வாய் ஏது? அது பாட்டுக்கு நின்றது.

"அன்னிக்கு லாரி ஒரு மைல்ல நின்னுச்சு பாய்," என்றார் ஹயாத் பாஷா. "எவன்டா தட்றதுன்னு வயர்லெஸ்ல ஆபீசரு கேட்டாரு. கொடி நிக்குதுங்கன்னேன். அப்ப அடின்னாரு... அடிச்சிட்டேன்."

கிணற்றின் அடி இடிந்து மணல் மூடிக்கொண்டது. தோண்டினால் போலீஸ் வரும், வேலை நிற்கும். அதனால் எத்திராஜு நகரிக்கு ஓடிவிட்டான். அவ்வளவு சுலபம். அதற்கப்புறம் தினமும் மேலேயிருந்து வெடியைக் கயிற்றில் இறக்கி, அவன் தலைமேலேயே வெடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும். நினைத்துப் பாருங்கள்.

கலீமுல்லா நேரே ஆபீசரிடம் போனார். ராஜகோபால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கெணத்துல ஆள் கீறான்."

"தட்டு எங்கேருந்து வருதுன்னு உன்னைக் கேக்கல. எப்படி நிறுத்தறதுன்னுதான் கேட்டேன். மெக்கானிக்தானே நீ?"

"ஆங். மெக்கானிக்தான்." அவருக்குக் காது இரண்டும் கொதித்தது. "நிறுத்திக் காட்றேன். நீங்க கெணத்தாண்ட வரணும்."

ராஜகோபால் வந்தார். வராமல் வழியில்லை. இனி பெட்டிகளை நகர்த்தினால் வெடியின் துள்ளலைத் தட்டு தின்றுவிடும். கடல் இன்னும் தூரத்தில் இருந்தது, மெட்ராஸிலிருந்து தந்திமேல் தந்தி. கிணற்றடியில் வெடிமருந்துப் புகை நாறியது. ஈர மணலும் இன்னொன்றும் நாறியது.

"மொதல்ல ஆயுதம் ஏறும், அப்பால ஆள் ஏறுவான்," என்றாள் கெங்கம்மாள். "எங்க வழக்கம் அது. கயித்த உடு பாய்."

கலீமுல்லா கயிற்றை விட்டார். மணலைத் தொட்டுத் தளர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று இழுபட்டது... அவர் தூக்கினார். இரும்பு கல்லில் உரசுகிற சத்தம், கிர்ர்... கிர்ர்... கயிற்று நுனியில் கடப்பாரை வந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் போடுகிற இரட்டைச் சுருக்கு. முடிச்சு இன்னும் ஈரமாக இருந்தது.

கெங்கம்மாள் அதை அவிழ்த்தாள். ஆபீசரின் பூட்ஸ் காலுக்கு முன்னால் டங்கென்று போட்டாள்.

"திருட்டுப் போன கடப்பாரை. எண்ணிப் பார்த்து எடுத்துக்கோ."

"எவனோ முன்னாடியே கட்டி வெச்சிருக்கான்," என்றார் ராஜகோபால். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு வெடி உண்டு. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க."

மறுநாள் உச்சிவேளை. கலீமுல்லா லாரிக்குள். காகிதம் ஓடியது. ஆயுதம்தான் மேலே வந்துவிட்டதே, இனி எதைக் கொண்டு தட்டுவான் என்று நினைத்தார்.

தட்டினான்.

இரும்பு தட்டினால் கோடு ஊசி மாதிரி துள்ளும். இப்போது துள்ளல் மழுங்கி, உருண்டையாக இருந்தது. உள்ளங்கையால் தரையை அடித்தால் அப்படித்தான் வரும். கலீமுல்லா பெட்டி ஒன்றின் பக்கத்தில் தன் கையால் அடித்துப் பார்த்து, இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரே வடிவம்.

அடுத்த நாள், ஆள் ஏறட்டும் என்று ஹயாத் பாஷாவைக் கயிறு விடச் சொன்னார். கயிறு லேசாகவே வந்தது. தட்டு வந்தது. கலீமுல்லாவே போய்க் கயிற்றை இறக்கிப் பார்த்தார். அதேதான்.

"இன்னாத்துக்கும்மா வரமாட்டேன்றாரு?"

கெங்கம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஆபீசரின் கூடாரத்துப் பக்கம் பார்த்தாள். "எறங்கச் சொன்னவன் கையாலதான் நாங்க ஏறுவோம் பாய். வேற கைய நம்பமாட்டோம்."

அன்று மாலை கலீமுல்லா ராஜகோபாலிடம் என்ன பேசினாரோ தெரியாது. தந்திகளையும் காகிதங்களையும் மேசையில் பரப்பி, கடப்பாரையை அவற்றின்மேல் வைத்தார் என்று மட்டும் ஹயாத் பாஷா சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வயர்லெஸ் வழியாகக் கலீமுல்லாவுக்குக் கேட்டது இவ்வளவுதான். ஹயாத் பாஷா பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

"எத்திராஜு," ராஜகோபாலின் குரல். இருமல் மாதிரி.

"கத்திக் கூப்புடு," கெங்கம்மாள். "அன்னிக்கு சத்தம் ஆவாதுன்னியே. இன்னிக்கு ஊருக்குக் கேக்கணும்."

"எத்திராஜு... எத்திராஜு..."

கயிறு கல்லில் முனகியது. கனம் ஏறுகிற முனகல். ராஜகோபாலுக்கு மூச்சு வாங்கியது. "முடியல, யாராவது பிடிங்க," என்றார். யாரும் பிடிக்கவில்லை. முனகல்... மூச்சு... மணல் உதிர்கிற சத்தம், சரசரவென்று. பிறகு கயிறு பட்டென்று துள்ளி அடித்தது. இரண்டு ஈரப் பாதங்கள் கிணற்றுமேட்டுக் கல்லில் வைத்து நடக்கிற ஓசை, தப்... தப்...

கெங்கம்மாள்தான் கத்தினாள். "ஏறிட்டாரு! ஏறிட்டாரு! ஏறிட்டாரு!" மூன்றாவது கத்தலில் குரல் உடைந்தது.

லாரிக்குள் பன்னிரண்டு ஒளிப்புள்ளியும் அசையாமல் நின்றன. கலீமுல்லா 'அடி' என்றார். வெடி வந்தது. அதற்கு முன்னால் பன்னிரண்டும் நேர்கோடு.

யாரும் தோண்டவில்லை, கடைசிவரை; அதனால் ஏறியவன் மறுநாளும் கீழேதான் இருந்தான். ஆனால் சர்வே கடற்கரைவரை போனது. அத்தனை நாளும் ராஜகோபாலுக்கு உள்ளங்கைத் தோல் ஆறவே இல்லை. கலீமுல்லா வேலையை விட்டுப் போகும்போது அடுத்த மெக்கானிக்குக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

தட்டை நிறுத்துவதற்குக் கம்பியை மாற்றாதே, பெட்டியை மாற்றாதே. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் ஆபீசரே கயிற்றைக் கிணற்றில் விட வேண்டும். பேர் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். கயிறு ஒரு ஆள் கனத்துக்கு வரும்; யாரும் கூடப் பிடிக்கக் கூடாது. கனம் இறங்கியதும், நனைந்த பாதம் கல்லைவிட்டுத் தள்ளிப் போகிறவரை பொறு. அப்புறம் வெடி. கோடு சுத்தமாக வரும்.