வினாயகமூர்த்திக்குச் சொல் வரும் வரை

அவையை நடத்தும் அம்மையார் அவர்களே, வாவியின் இரு கரையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சொல் தாமதித்தாலும் அன்பு தாமதிக்காத என் தோழர்களே, காத்தான்குடி மீன் வியாபாரி முனாப்பின் வணக்கமும் ஸலாமும்.

முன்வரிசையில் இருப்பவர் என் கூட்டாளி வினாயகமூர்த்தி. ஆரையம்பதிக் கரையில் மீன் ஏலம் கூறியவர். காற்றை வென்ற குரல், கரையைக் கட்டியாண்ட குரல்! சுனாமி வந்த காலையில், "கடல் எழும்பி வருகுது, புள்ளையளத் தூக்கிக்கொண்டு ஓடுங்க" என்று கரை நெடுகக் கத்திய குரல். அதைக் கேட்டுப் பிழைத்தவர்கள் இங்கே உண்டா? கைகளைப் பார்க்கிறேன். என் கையும் அவற்றில் ஒன்று.

யுத்தம் முடிந்த வைகாசியில் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. கை திரும்பியது, கால் திரும்பியது, சொல் திரும்பவில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் "வலை" என்று வரும். ஊர் என்ன சொன்னது? புத்தி பேதலித்தது என்றது. சோதனைச் சாவடியில் பெயர் கேட்டார்கள். வாயில் வந்தது "சுறா". கேலி என்று எண்ணி வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். மனைவி சீதேவிப்பிள்ளை கெஞ்சி மீட்டார். பிறகு வினாயகமூர்த்தி வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை.

பேச்சுச் சிகிச்சை தரும் பிரஷாந்திதான் விளக்கினார். "இதுக்குப் பேர் அபேசியா. அவருக்கு அறிவு போகல்ல. சொல்லு வாற வழிதான் அடைபட்டுக் கிடக்கு. சின்னதாப் பேசுங்க, கையால காட்டுங்க, பொறுத்திருங்க."

சீதேவிப்பிள்ளை அழுதார். "அவர் வாய் திறக்க முந்தி எல்லாத்தையும் நானே பேசிப்போட்டனே, மிஸ்."

அதன்பின் அவர்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை யாரும் எழும்பவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

பழையபடி பேசுவாரா என்று பின்னால் ஒருவர் கேட்கிறீர்கள். இல்லை, தம்பி. அந்தக் குரலுக்கு என் காது இன்றும் ஏங்குகிறது. ஆனால் கேளுங்கள்.

இப்படிச் சொல் இழந்தவர்களும் வீட்டாரும் கூடும் எங்கள் சந்திப்புக்கு இப்போது வினாயகமூர்த்தியும் வருகிறார்; போன மாதம் அங்கே ஏறாவூர் ஸைனம்பு உம்மா வந்தார். அவருக்கும் இதே நோய். "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டோம். "உம்மாக்குக் கோப்பி" என்று மகள் முந்தினாள். வினாயகமூர்த்தி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கதிரையை இழுத்து உம்மாவின் எதிரே இருந்தார். முகத்தைப் பார்த்தபடியே இருந்தார். உம்மாவின் உதடு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது.

"தே... தேத்தண்ணி."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாய்க்குப் பிடித்தது கோப்பியல்ல, தேநீர் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் அவரை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் காத்திருப்போம். என்னைப் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி; எல்லோரும் சுகமாய் இருங்கள்.