ஐந்து பேருக்கும் ஜூன் ஒன்று

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் வட்டாரப் பூப்பந்துச் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய விஜயராஜ் அவர்களே, நடுவர் குழுவின் சார்பில் வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்திருக்கும் அம்மையார் கனீஸ் ஃபாத்திமா அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, புளி உலுக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்காக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மட்டையைக் கீழே வைக்க மனமின்றி மடியில் வைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, ஜவ்வாது மலைப் பள்ளியில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற இந்தச் சாந்தம்மாளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

‘இளையோர் போட்டியைச் சிறப்பாக நடத்துவது எப்படி’ என்று பேச அழைத்தார்கள். அழைப்பிதழைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இத்தனை ஆண்டு கேட்காதவர்கள் இப்போது ஏன் கேட்கிறார்கள்? கேட்டுவிட்டோம் என்று எழுதி வைத்துக்கொள்ளவா?

கம்பளியால் செய்த மஞ்சள் பந்தை வலைக்கு இருபுறமும் ஐவர் ஐவராக நின்று அடித்து ஆடும் அழகான ஆட்டம் நம் ஆட்டம். ஆனால் அதற்குக் கூட்டம் உண்டா? பத்திரிகையில் பத்து வரி உண்டா? பார்க்க ஆளில்லாத ஆட்டத்தில், கேட்கவும் ஆளில்லை. அந்த இருட்டில் என்னென்னவோ நடக்கிறது ஐயா.

மூன்று ஆண்டுகளாகக் காலை எட்டு மணி ஆட்டம் மலை அணிக்கே விழுகிறது. குலுக்கலில் விழுந்தது என்கிறார்கள். குலுக்கியது யார்? குலுக்கிய இடம் எது? கூட இருந்து கண்டவர் யார்? மலையிலிருந்து புறப்படும் முதல் பேருந்து, போட்டி நடக்கும் ஒடுகத்தூர் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. இது சங்கத்துக்குத் தெரியாதா? தெரிந்துதான் சீட்டு விழுகிறதா?

கைதட்டாதீர்கள் தம்பி. கைதட்டல் சத்தத்தில் தலைவர் கேள்வியைக் கேட்காமல் தப்பிவிடுவார்.

சென்ற ஆண்டு தக்காளி ஏற்றும் வண்டியைப் பேசி, ஏழரைக்கே போய்ச் சேர்ந்தோம். அணித்தலைவி நதியா சான்றிதழ்களைக் கொண்டுபோய்ப் பதிவு மேசையில் வைத்தாள். அங்கிருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னார்: “இன்னாம்மா இது? அஞ்சு பேருக்கும் ஜூன் ஒண்ணாந்தேதி. யாரு காதுல பூ சுத்துறீங்க?”

“எங்க ஸ்கூல்ல அப்படித்தாங்க எழுதியிருக்காங்க” என்றாள் நதியா.

“அப்போ அஞ்சு பேரும் ஒரே வயித்துலயா பொறந்தீங்க?” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போலிச் சான்று என்று எழுதி அணியை நீக்கினார்கள். எதிரணி ஆடாமலே வென்று புகைப்படமும் எடுத்துக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். சூழ்ச்சி என்றேன். மலைப்பிள்ளை வெல்லக்கூடாது என்ற வஞ்சகம் என்றேன். பிள்ளைகள் நம்பினார்கள். நதியாவின் தாய் மங்கம்மாள் மட்டும் மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார்.

“டீச்சர், எம் பொண்ணு பொய் சொல்லிச்சுன்னு எழுதி வச்சிருக்காங்களாம். நான் அவள பெத்தது சாமை அறுப்புலீங்க. ஜூன்ல எவன் சாமை அறுக்கறான்? அந்தத் தேதிய யாரு எழுதுனது?”

அவையோரே, யார் எழுதியது? சங்கமா? நடுவரா? அந்த மேசைக்காரரா?

நான் எழுதினேன். இந்தக் கை எழுதியது.

வீட்டிலேயே பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருவார்கள். எப்போது பிறந்தது என்று கேட்டால், சாமை அறுப்பு என்பார் ஒருவர், புளி உலுக்கும் காலம் என்பார் இன்னொருவர். படிவத்தில் அதற்கு இடமில்லை. பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஜூன் ஒன்று. பிள்ளை படித்தால் போதும் என்று எழுதினேன். முப்பது ஆண்டு எழுதினேன். மலையில் ஒரு தலைமுறையே ஒரே நாளில் பிறந்திருக்கிறது.

சிரிக்கிறீர்கள். அன்று மேசையருகே நானும் நின்றேன். ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது. உண்மையைச் சொன்னால் வேலைக்கு வில்லங்கம் வரும் என்று வாயைத் திறக்கவில்லை. என் கோழைத்தனத்தை மறைக்க ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆனால் தலைவர் அவர்களே, என் தவறு உங்கள் குலுக்கலை நேராக்கிவிடாது. என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. சீட்டை எல்லா அணித்தலைவர்களின் முன்னும் எடுங்கள். பேருந்து வந்து சேரும் நேரம் பார்த்து ஆட்டத்தை வையுங்கள். வயதில் சந்தேகமா? தாராளமாகச் சந்தேகப்படுங்கள். எங்களையும் சந்தேகப்படுங்கள். ஆனால் ஏழு நாள் முன்னதாகச் சந்தேகப்படுங்கள். பெற்றவளை நேரில் கூப்பிட்டுக் கேட்டுச் சந்தேகப்படுங்கள். ஆட்டத்துக்கு அரைமணி முன்னால், பிள்ளை மட்டையோடு நிற்கும்போது, ஊர் சிரிக்கச் சந்தேகப்படாதீர்கள்.

கனீஸ் ஃபாத்திமா அம்மையார் தலையசைக்கிறார். நன்றி அம்மா. தலைவர் இன்னும் அசைக்கவில்லை.

நதியாவுக்கு இது கடைசி ஆண்டு. அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். பெயர் கொடுக்க வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். சென்ற ஆண்டின் ‘போலி’ என்ற குறிப்பு அழியாமல் அவள் பெயரைச் சேர்க்கமாட்டார்களாம்.

இதோ என் வாக்குமூலம், கையெழுத்தோடு. கூடவே கிராமச் செவிலியரின் தடுப்பூசிப் பதிவேட்டின் நகல். அதில் ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து வேறு மாதங்கள். ஐவருமே வரம்புக்கு உட்பட்டவர்கள். தண்டனை உண்டென்றால் எழுதிய எனக்குக் கொடுங்கள், ஆடப்போகிறவளுக்கு வேண்டாம்.

தலைவர் வாங்கி மேசையில் வைக்கப்போகிறார். வேண்டாம் ஐயா. மேசையில் வைத்த காகிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், மேசைக்குப் பின்னால் முப்பது ஆண்டு இருந்தவள் நான். இப்போதே, இந்த ஒலிபெருக்கியில், உரக்கப் படியுங்கள். படித்துவிட்டு, நதியா ஆடுவாளா மாட்டாளா என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. தலைவர் அந்தச் சொல்லைச் சொல்லும் வரை யாரும் எழுந்து போய்விடாதீர்கள் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.